ஒரு கல் தள்ளி நின்ற மந்திரி

எங்கள் வீட்டுப் பித்தளைக் காப்பி ஃபில்டர் உலக சதுரங்கப் போட்டியில் ஆடியிருக்கிறது. இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அன்றைக்கு எங்கள் வீட்டில் இருந்த இருபத்தைந்து பேரும் சாட்சி. அதில் பாதிப் பேர் இன்னும் காரைக்குடியில்தான் இருக்கிறார்கள், போய்க் கேட்டுக்கொள்ளலாம்.

நான் மூன்றாவது வரைக்கும் படித்தவள். எழுத்துக் கூட்டித்தான் எழுதுவேன். ஒரு பக்கம் எழுதி முடிக்க ஒரு காலைப்பொழுது ஆகும். அதனால் நீங்களும் அவசரப்படாமல் படியுங்கள்.

தொண்ணூறுகளின் பின்பாதியில் ஒரு தை மாதம். பொங்கல் கழிந்து பதினைந்து நாள் ஆகியிருக்கும். எங்கள் வீட்டுக்காரர் அப்போது வியாபாரத்தை மகன்கள் கையில் விட்டுவிட்டார். விட்ட கையால் செஸ்ஸைப் பிடித்துக்கொண்டார். சாப்பிடும்போதும் சாம்பார்க் கிண்ணத்தை ரசக் கிண்ணத்துக்குக் குறுக்கே நகர்த்திப் பார்த்துக்கொண்டிருப்பார். "என்ன பண்றீக?" என்றால், "இந்தா, சும்மா இரு, யானை மாட்டிக்கிருச்சு" என்பார். யானை என்றது ரசத்தை.

எதிர்வீட்டில் வாத்தியார் குடும்பம். வேதக்காரர்கள், மாதா கோயிலுக்குப் போகிறவர்கள். அவர் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் மனைவி பள்ளிக்கூடத்தில் தையல் சொல்லிக்கொடுத்தவள். நான் அவளை டீச்சர் என்பேன், அவள் என்னை ஆச்சி என்பாள். வாத்தியாரும் எங்கள் வீட்டுக்காரரும் இருபது வருஷம் சாயங்காலம் தவறாமல் உட்கார்ந்து ஆடியவர்கள். நானும் டீச்சரும் இருபது வருஷம் சாயங்காலம் தவறாமல் அடுப்படியில் உட்கார்ந்து பேசியவர்கள். அவர்கள் ஆட்டம் எவ்வளவு நேரம் இழுக்கிறதோ, எங்களுக்கு அவ்வளவு நல்லது.

அந்த இருபது வருஷத்தையும் ஒரு தூசி கெடுத்தது.

ஊர்ச் செஸ் சங்கத்தில் வருஷத்துக்கு ஒரு போட்டி வைப்பார்கள். ஒரு வருஷம் கடைசி ஆட்டத்தில் இவர்கள் இரண்டு பேரும். எங்கள் வீட்டுக்காரர் ஜெயிக்கிற நிலைமையில் இருந்தாராம். அவருடைய ராஜாவின் தலையில் தூசி இருந்ததாம். ஊதினாராம், போகவில்லை. விரலால் தட்டினார். உடனே வாத்தியார், "தொட்டாச்சு அண்ணே. தொட்டா நகர்த்தணும்" என்றார்.

"தூசி தட்டுனேன் வாத்தியாரே."

"தூசியும் தட்டிக்கிருங்க, ராஜாவையும் நகர்த்திக்கிருங்க. சட்டம் அப்புடி."

நகர்த்தினார். தோற்றார். பரிசு ஒரு சிவப்பு பிளாஸ்டிக் வாளி. வாத்தியார் அந்த வாளியை வீட்டுக்குள் வைத்திருக்கலாம். வைக்கவில்லை. வாசலில், எங்கள் வீட்டுக்கு நேர் எதிரே, ரோஜாச் செடிக்குப் பக்கத்தில் வைத்தார். எங்கள் வீட்டுக்காரர் அன்றைக்குத் தெருப்பக்கத்து ஜன்னலைச் சாத்தினார். மூன்று வருஷம் திறக்கவில்லை. ஒரு வாளிக்காக எங்கள் முகப்புக்குக் காற்று வராமல் போயிற்று.

ஆம்பிளைகள் பேசாவிட்டால் பொம்பிளைகள் பேசக் கூடாது என்று சட்டமில்லைதான். ஆனால் எங்கள் வீட்டுக்காரரை வா என்று சொல்லாத வீட்டுக்குள் நான் போக மாட்டேன். எனக்கென்று ஒரு இது இருக்கிறது. டீச்சருக்கும் அப்படியே. ஆகவே காய்கறி வண்டி வரும்போது தெருவில் நின்று பேசிக்கொள்வோம். ஒரு கிலோ கத்தரிக்காய் பொறுக்க எங்களுக்கு அரை மணி நேரம் ஆகும். வண்டிக்காரர் எங்கள் தெருவுக்குக் கடைசியில்தான் வருவார், மற்ற தெரு வியாபாரம் கெடக் கூடாது என்று.

இப்படி இருக்கும்போது டீச்சரின் கடைசிப் பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. தை மாதக் கடைசியில் தேதி. அந்தப் பெண் நடை பழகியது எங்கள் வீட்டு வளவில், தூண் வைத்த நடுக்கூடத்தில். எங்கள் வளவில் கறுப்புக்கல்லும் வெள்ளைக்கல்லும் மாற்றி மாற்றிப் பதித்திருக்கும். எங்கள் ஐயா காலத்தில் கப்பலில் வந்த கல், ஒரு கல்கூட இன்றுவரை அசையவில்லை. அந்தக் குட்டி வெள்ளைக்கல்லில் மட்டும்தான் கால் வைக்கும். கறுப்பு வந்தால் நின்று, கையை நீட்டி, என்னைத் தூக்கச் சொல்லும். அப்படித் தூக்கித் தூக்கி வளர்த்த பெண்ணின் கல்யாணத்துக்கு நான் போக வேண்டாமா?

போக முடியாது. எங்கள் பக்கத்தில் அழைப்பது என்றால் புருஷனும் பெண்சாதியும் சேர்ந்து வீட்டுக்குள் வந்து, தாம்பாளத்தில் வைத்துப் பத்திரிகை தர வேண்டும். அதுதான் அழைப்பு. மற்றதெல்லாம் சேதி சொல்வது. வாத்தியாரோ அந்த வீட்டு வாசற்படியை மிதிக்க மாட்டேன் என்று சொல்லியிருந்தார்.

டீச்சர் ஒருநாள் வண்டிப் பக்கத்தில் நின்று கண் கலங்கினாள். "பத்திரிகைய இப்புடியே கையில தந்துரவா ஆச்சி? எப்பவும் இந்தத் துணிப்பையிலதான் வச்சுருக்கேன்."

"கத்தரிக்கா வண்டியில வச்சுத் தந்தா, கத்தரிக்கா கல்யாணத்துக்குத்தான் வருவேன். ஒங்க மக கல்யாணத்துக்குத் தாம்பாளத்துல தாங்க."

சொல்லிவிட்டேனே ஒழிய, வீட்டுக்குள் வந்து அந்தக் கத்தரிக்காயை நறுக்க எனக்குக் கை வரவில்லை. கல்யாணத்துக்குப் பத்து நாள்தான் இருந்தது.

அந்த நேரத்தில்தான் எங்கேயோ வெளிநாட்டில் உலகப் போட்டியின் முக்கியமான ஆட்டம் வந்தது. ஆடுகிற இரண்டு பேரும் வெளிநாட்டுக்காரர்கள். பேப்பரில் படம் போட்டிருந்தார்கள். ஒருவர் தாடி வைத்திருந்தார், ஒருவர் கண்ணாடி போட்டிருந்தார். எங்கள் வீட்டுக்காரர் தாடிக்காரர் கட்சி. அது தெரிந்த அன்றே வாத்தியார் கண்ணாடிக்காரர் கட்சியாகிவிட்டார். அதற்கு முன்னால் இரண்டு பேருக்கும் அந்த இரண்டு பேரைப் பற்றி ஒரு அக்கறையும் கிடையாது.

வாத்தியாரின் மூத்த மகன் வெளிநாட்டிலிருந்து லீவில் வந்தபோது ஒரு கம்ப்யூட்டர் வாங்கி வைத்துவிட்டுப் போயிருந்தான். டெலிபோன் வயரை அதில் சொருகி மதுரைக்கு டயல் செய்தால், கோழியைப் பிடித்துக் கழுத்தைத் திருகுவது மாதிரி ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம் நின்றால் இன்டர்நெட் வந்துவிட்டது என்று அர்த்தம். அது ஓடுகிற வரைக்கும் போன் வேலை செய்யாது. ஆனால் எங்கேயோ அவர்கள் காயை நகர்த்தினால், கொஞ்ச நேரத்தில் அது காரைக்குடியில் வாத்தியார் வீட்டு மேசையில் தெரியும். செஸ் சங்கத்தார் இதைக் கேட்டதும் நிலைகொள்ளாமல் அலைந்தார்கள். கோவிலூர், கொத்தமங்கலம் என்று சுற்று வட்டாரமெல்லாம் சேதி போயிற்று. சிங்கம்புணரியிலிருந்து ஒருவர் சொந்தச் செஸ் பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பஸ் ஏறி வந்தார்.

வாத்தியார் வீட்டு முன்னறையில் ஆறு பேர் உட்கார்ந்தால் ஏழாவது ஆள் மூச்சு விட முடியாது. மற்றவர்களை எங்கே உட்காரவைப்பது? சங்கத்துக் காரியதரிசி ஒரு பாங்கு கிளார்க். அவர்தான் எங்கள் வளவின் கல்லை நினைத்தார். எட்டுக்கு எட்டு கல்லைச் சுற்றிக் கோடு போட்டால் அதுவே பலகை. காயைப் பெரிதாக வைத்துவிட்டால், சுற்றி உட்கார்ந்து எல்லாரும் பார்க்கலாம்.

"எல்லாஞ் சரி. அங்குட்டு நடக்குறத இங்குட்டு யார் கொண்டாருவா? வாத்தியார் வீட்டுல போன் வேலை செய்யாதே. நம்ம ஆளுக ஒருத்தரும் பலகைய விட்டு எந்திரிக்க மாட்டாக" என்றார் கிளார்க்.

நான் அடுப்படியிலிருந்தே சொன்னேன்: "சீட்டுல எழுதித் தரச் சொல்லுங்க. டீச்சர் கொண்டாந்து எங்க வாசல்ல தருவாக. நான் வாங்கியாருவேன்."

எங்கள் வீட்டுக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். நான் பருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

காய்க்கு என்ன செய்வது என்று யோசித்தார்கள். அதற்கு யோசிக்க வேண்டியதே இல்லை. எனக்கு வந்த சீர்ச்சாமான் மாடி அறையில் நிரம்பிக் கிடந்தது. நாலு முறுக்கு உரல் ஒரு வீட்டில் எதற்கு என்று கேட்பவர்கள் செட்டிநாட்டுக் கல்யாணம் பார்க்காதவர்கள். வெள்ளையில் ஆடிய கண்ணாடிக்காரருக்கு எவர்சில்வர், கறுப்பில் ஆடிய தாடிக்காரருக்குப் பித்தளை. சிப்பாய்க்கு டம்ளரும் சொம்பும். யானைக்குத் தூக்குவாளி. குதிரைக்கு முறுக்கு உரல், இரண்டு பக்கம் கைப்பிடி காது மாதிரியே இருக்கும். ராணிக்குப் பன்னீர்ச்செம்பு. மந்திரிக்குக் காப்பி ஃபில்டர். ராஜாவுக்குக் குத்துவிளக்கு, வெள்ளைக்கு மட்டும் வெள்ளி விளக்கு. தோற்றவர் ராஜாவைப் படுக்கவைப்பது வழக்கம் என்று கிளார்க் சொன்னார். "என் வீட்டு வெளக்கப் படுக்கப்போடக் கூடாது. தோத்தா வாயால சொன்னாப் போதும்" என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். ஒப்புக்கொண்டார்கள்.

இன்னொன்றும் சொன்னேன். "என் சாமானை நான்தான் நகர்த்துவேன். வேற ஒருத்தரும் கை வைக்கக் கூடாது." எங்கள் பாத்திரம் ஒன்றில்கூடச் சொட்டை கிடையாது.

டீச்சர் சாமான்களைப் பற்றிக் கேட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். இங்கிலீஷில் மந்திரிக்குப் பேர் பிஷப், வேதக்காரர்களுக்கு அது ஆயர். "ஆயர காப்பி ஃபில்டரா வச்சுட்டீகளா? எங்க வீட்டு அவுகளுக்குத் தெரிஞ்சா பங்குச்சாமிகிட்டச் சொல்லிப்புடுவாக!"

மத்தியானச் சாப்பாடு முடிந்து ஆட்டம் தொடங்கியது. எதிர்வீட்டில் கோழி கத்தியது. ஐந்து நிமிஷத்தில் டீச்சர் முந்தானையைப் பிடித்துக்கொண்டு தெருவைக் கடந்து வந்தாள். சீட்டில் இங்கிலீஷ் எழுத்தும் நம்பரும். கிளார்க் அதைப் படித்து, எனக்குப் புரிகிற மாதிரி சொல்வார்: "டம்ளர் ரெண்டு கல்லு வடக்க ஆச்சி." "உரலு, ரெண்டு வடக்க, ஒண்ணு மேக்க." நான் கல்லில் நடந்துபோய் நகர்த்திவைப்பேன். இருபத்தைந்து ஆம்பிளைகள் சுவரோடு சுவராகச் சம்மணம் போட்டுக்கொண்டு, நான் டம்ளரை வைக்கும்போது "ஆகா" என்பார்கள். நாற்பது வருஷமாக டம்ளர் வைக்கிறேன், அன்றைக்குத்தான் ஆகா என்றார்கள்.

நாலைந்து சீட்டுக்குள் எனக்கே பிடிபட்டுவிட்டது. தூக்குவாளி நேராகப் போகும். ஃபில்டர் சாய்வாகப் போகும், எந்த நிறக் கல்லில் பிறந்ததோ அந்த நிறக் கல்லை விட்டு ஆயுசுக்கும் மாறாது. இது என்ன பெரிய வித்தையா? இதற்கா இருபது வருஷம் உட்கார்ந்திருந்தார்கள்?

மூன்று மணிவாக்கில் கண்ணாடிக்காரர் யோசிக்க ஆரம்பித்தார். சீட்டே வரவில்லை. "நீள யோசன. நம்மாளு கழுத்தப் பிடிச்சுட்டாரு" என்றார் எங்கள் வீட்டுக்காரர். நான் எல்லாரையும் இரண்டாம் கட்டுக்கு அனுப்பி வெள்ளைப் பணியாரம் வைத்தேன். பணியாரம் தின்றவர்களுக்குக் காப்பி வேண்டுமே? திரும்பிப் பார்க்கிறேன், வீட்டில் இருந்த நாலு ஃபில்டரும் ஆட்டத்தில் இருந்தன. எவர்சில்வர் ஒன்று ஏற்கெனவே வெட்டுப்பட்டுச் சுவர் ஓரமாகக் கிடந்தது. அதில் போடலாம்தான். ஆனால் எவர்சில்வரில் இறக்கிய டிகாஷனை என் வீட்டில் விருந்தாளிக்குக் கொடுத்து எனக்குப் பழக்கமில்லை. சட்டியில் கொதிக்கவைத்து வடிகட்டுவது அதைவிடக் கேவலம்.

வளவில் ஒருத்தரும் இல்லை. பித்தளை ஃபில்டரில் அடுப்படிப் பக்கம் நின்றதை எடுத்துக்கொண்டேன். எடுக்கும்போதே தூணைப் பார்த்து இடத்தை மனசில் வைத்துக்கொண்டேன். காப்பி நன்றாக வந்தது, அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. எல்லாரும் குடித்துக்கொண்டிருக்கும்போது ஃபில்டரைக் கழுவித் துடைத்து, முகப்புப் பக்கமாகச் சுற்றி வந்து, தூணுக்கு நேரே வைத்துவிட்டேன்.

ஆம்பிளைகள் வந்து உட்கார்ந்தார்கள். பிறகு சிங்கம்புணரிக்காரர் மெல்ல எழுந்து நின்றார்.

"ஐயா, அந்த மந்திரி வெளக்கப் பாக்குது."

"எந்த மந்திரி?"

"பித்தள. இங்குட்டிருந்து சாய்வா அப்புடியே போங்க. நடுவுல ஒண்ணுமில்ல. நேரே வெள்ளி வெளக்கு!"

எங்கள் வீட்டுக்காரர் தலையைச் சாய்த்துப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது. "அடேயப்பா! இத எப்புடிடா பாக்காம விட்டோம்? இதுக்குத்தான் அந்தக் கண்ணாடி இம்புட்டு நேரமா முழிக்கிறான்!"

உடனே இருபத்தைந்து பேரும் பேச ஆரம்பித்தார்கள். அடுத்து முறுக்கு உரலை இங்கே வைத்தால் விளக்கு இங்கே ஓடும், பன்னீர்ச்செம்பு வந்து மறிக்கும், மூன்றே நகர்வில் கதை முடிந்தது. ஒருவர் தாடிக்காரரை மேதை என்றார். ஒருவர் இந்த நிலைமையை நோட்டில் வரைந்துகொண்டார், மகனுக்குக் காட்ட வேண்டுமாம். எங்கள் வீட்டுக்காரர் ஒரு சீட்டை எடுத்து எழுதினார். பேர் போடவில்லை, விளிக்கவும் இல்லை: 'தங்கள் ஆள் ஏன் இன்னும் தோல்வியை ஒப்புக்கொள்ளவில்லை?'

நான் கொண்டுபோய் வாசலில் டீச்சரிடம் கொடுத்தேன். போன வேகத்தில் பதில் வந்தது: 'எதற்கு?'

இவர்: 'மந்திரி பார்ப்பது கண்ணுக்குத் தெரியவில்லையா?'

அவர்: 'எந்த மந்திரி? எங்கிருந்து?'

அந்தச் சீட்டை உள்ளே கொண்டுவரும்போதுதான் என் கண்ணில் அது பட்டது. கோடு போட்ட கோலப்பொடி அத்தனை பேர் நடமாட்டத்தில் கல்லெல்லாம் மெல்லிசாகப் படிந்திருந்தது. ஒரு கறுப்புக்கல்லில் மட்டும் ஃபில்டரின் அடி அளவுக்கு வட்டமாக, பொடி படாமல் பளிச்சென்று ஒரு இடம். ஃபில்டர் அதற்கு அடுத்த வெள்ளைக்கல்லில் நின்றுகொண்டிருந்தது. அடுப்படிப் பக்கமிருந்து எடுத்து முகப்புப் பக்கமிருந்து வைத்தேன் அல்லவா, அங்குட்டிருந்து பார்த்தால் தூண் ஒரு கல் தள்ளித் தெரியும். கறுப்புக்கல்லில் பிறந்த ஃபில்டரை வெள்ளைக்கல்லில் வைத்திருக்கிறேன்.

மற்ற பித்தளை ஃபில்டரும் வெள்ளைக்கல்லில்தான் நின்றது. இரண்டும் ஒரே நிறத்தில்! மத்தியானம் பாடம் படித்த எனக்கே தெரிகிறது. இருபது வருஷம், முப்பது வருஷம் ஆடியவர்கள் அதைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு மேதை, மேதை என்று தொடையைத் தட்டுகிறார்கள்.

சொல்லியிருக்கலாம். கல்யாணம் ஆன நாளிலிருந்து எங்கள் வீட்டுக்காரரிடம் நான் ஒரு தப்பையும் ஒப்புக்கொண்டதில்லை. இருபத்தைந்து பேர் நடுவில் தொடங்குவதா? சீட்டைக் கொடுத்துவிட்டு மறுபடியும் வாசலுக்குப் போனேன்.

டீச்சர் அடுத்த சீட்டோடு மூச்சு வாங்கிக்கொண்டு நின்றாள். "என்ன ஆச்சி எழுதுறாக அண்ணன்? இவுக கொதிச்சுப்போயி இருக்காக. நாக்காலிய விட்டு எந்திருச்சுட்டாக. 'நானே போயிக் கேக்குறேன்'னு வாசல் வர வந்துட்டு, திரும்பவும் போயி ஒக்காந்துட்டாக."

எனக்குள் ஏதோ ஒன்று எழுந்து நின்றது.

"வாசல் வர வந்தாகளா?"

"வந்தாக. வாளியத் தாண்டல."

"டீச்சர், அந்தத் துணிப்பை எங்க இருக்கு?"

அவள் தோளைக் காட்டினாள். பையில் பத்திரிகையின் முனை நீட்டிக்கொண்டிருந்தது. நாங்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். வாத்தியார் அந்த வாளியைத் தாண்டிவிட்டால் போதும். சீட்டை வாங்கிக்கொண்டு உள்ளே போனேன்.

அந்தச் சீட்டில் நிஜமாகவே ஒரு நகர்வு வந்திருந்தது. கிளார்க் படித்தார்: "டம்ளர் ஒரு கல்லு வடக்க."

வளவே சிரித்தது. "ராசா சாகக் கெடக்காரு, இவன் டம்ளர நகட்டுறான்!" சிங்கம்புணரிக்காரர் சிரித்துச் சிரித்துத் தம் பலகை மேலேயே சாய்ந்துவிட்டார். எங்கள் வீட்டுக்காரர் சட்டென்று பேனாவை எடுத்தார். என்ன எழுதினார் என்று எழுத்துக் கூட்டிப் படித்துப் பார்த்தேன். 'கணக்கு வாத்தியாருக்கு எட்டுக் கல் எண்ணத் தெரியாதா?' என்று இருந்தது. வேறு நாளாக இருந்தால் அந்தச் சீட்டை அடுப்பில் போட்டிருப்பேன். அன்றைக்கு ஓட்டமாக ஓடிக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

ஐந்து நிமிஷம் ஆகவில்லை. வாளி உருளுகிற சத்தம் கேட்டது. வாத்தியார் கையில் சீட்டைப் பிடித்துக்கொண்டு தெருவைக் கடந்தார். எங்கள் வாசற்படியில் செருப்பைக் கழற்றினார். மூன்று வருஷத்துக்குப் பிறகு உள்ளே வந்தார். பின்னாலேயே டீச்சர், பையை மார்போடு அணைத்துக்கொண்டு. அதற்குப் பின்னால் அங்கே கம்ப்யூட்டர் பார்த்துக்கொண்டிருந்த ஆறு பேரும்.

வாத்தியார் யாரையும் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தார். அரை நிமிஷம்கூட இருக்காது. நேரே கல்லில் நடந்துபோய்க் குனிந்து பித்தளை ஃபில்டரைப் பிடித்தார்.

"தொட்டாச்சு வாத்தியாரே" என்றது ஒரு குரல். எங்கள் வீட்டுக்காரர். மூன்று வருஷமாக நெஞ்சில் வைத்திருந்த வார்த்தை. "தொட்டா நகர்த்தணும்."

வாத்தியார் ஃபில்டரை விடவில்லை.

"நகர்த்தத்தான் வந்தேன்!" என்றார் வாத்தியார். "ரெண்டு மந்திரியும் வெள்ளக் கட்டத்துல எப்புடி அண்ணே நிக்கும்? சின்னப்புள்ள பாத்தாக்கூடச் சிரிக்கும். இத்தன பேரு ஒக்காந்து என்ன பாத்தீக?"

எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். நோட்டில் வரைந்தவர் நோட்டை மெதுவாக மூடினார்.

எங்கள் வீட்டுக்காரர் முகம் சிவந்துவிட்டது. "ஒங்க சீட்டுதான் தப்பு. வேணும்னே தப்பா எழுதியனுப்பி, எங்கள முட்டாளாக்குறீக."

"நான் வேணும்னு எழுதினேனா?"

"அன்னைக்குத் தூசிக்குச் சட்டம் பேசினவுகதான நீங்க?"

வாத்தியார் நிமிர்ந்தார். ஃபில்டரை வைத்தார். "இதுக்குத்தான் இந்த வீட்டுப் படி ஏறக் கூடாதுன்னு இருந்தேன்" என்று சொல்லிவிட்டுத் திரும்பினார். டீச்சர் முகம் செத்துப்போய்விட்டது. வாசலுக்கு எட்டு அடிதான். அவர் போய்விட்டால் எனக்கு அந்தப் பெண்ணின் கல்யாணமும் போயிற்று.

"நில்லுங்க" என்றேன். "சீட்டு சரியாத்தான் வந்துச்சு. ஃபில்டர நான்தான் மாத்தி வச்சேன்."

எங்கள் வீட்டுக்காரர் காதில் சரியாக விழவில்லை போல. "யாரு?"

"நான்தான். காப்பி போட எடுத்தேன். வைக்கும்போது ஒரு கல்லு தள்ளி வச்சுட்டேன்." சொல்லி முடிப்பதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது. ஆனால் அதோடு நிறுத்தினால் நான் நானில்லை. "ஆமா, தப்புதான். காப்பி குடிச்சது யாரு, நானா? இருவத்தஞ்சு பேரும் குடிச்சீக. ரெண்டாந் தடவ கேட்டு வாங்கிக் குடிச்சீக. ஒரு மந்திரியக் காணோம்னு ஒருத்தராவது பாத்தீகளா? எவர்சில்வர்ல போட்டிருந்தா இந்தத் தொல்லையே இல்ல. ஆனா அந்தக் காப்பிய நீங்க ரெண்டாந் தடவ கேட்டிருக்க மாட்டீக."

பிறகு வாத்தியாரின் தோள் குலுங்கியது. கோபம் என்று நினைத்தேன். இல்லை. "அண்ணே... முக்கா மணி நேரமா... நீங்க ஆராச்சி பண்ணுனது... ஆச்சி காப்பி போட்டதையா?" என்று சொல்லி, எங்கள் தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அந்தத் தாடிக்காரன மேதைன்னு நெனச்சுட்டீகளே! மேதை அங்க இல்லண்ணே, அடுப்படியில இருக்காக!"

எங்கள் வீட்டுக்காரர் முறைத்தார். மீசை துடித்தது. அப்புறம் அவருக்கும் வந்துவிட்டது. இரண்டு பேரும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு சிரிக்க, சங்கத்தார் எல்லாரும் வெட்கத்தில் கூடச் சிரித்தார்கள். வேறு வழியும் அவர்களுக்கு இல்லை.

டீச்சர் ஒரு நொடி வீணாக்கவில்லை. சட்டென்று பையிலிருந்து பத்திரிகையை உருவினாள். "வந்தது வந்துட்டீக. பிடிங்க. குடுங்க" என்று புருஷனின் விலாவில் ஒரு குத்து.

"இப்பவா?"

"இப்ப விட்டா எப்ப? அடுத்த தூசி எப்ப வரும்னு யாருக்குத் தெரியும்?"

நான் தாம்பாளம் எடுத்து வந்தேன். வெற்றிலை, பாக்கு, பழம் எல்லாம் காலையிலிருந்தே அலமாரியில் தயாராக இருந்தது. ஏன் இருந்தது என்று எங்கள் வீட்டுக்காரர் பிறகு கேட்டார். விருந்தாளி வரும் வீடு என்று சொல்லிவிட்டேன். வாத்தியாரும் டீச்சரும் சேர்ந்து நின்று, கறுப்பும் வெள்ளையுமான அந்தக் கல்லின் நடுவில், சொம்புக்கும் தூக்குவாளிக்கும் ஊடே, "அண்ணனும் ஆச்சியும் கட்டாயம் முன்ன நின்னு நடத்தித் தரணும்" என்று பத்திரிகையை நீட்டினார்கள். நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து வாங்கிக்கொண்டோம்.

அழைக்க வந்தவர்களுக்குப் பன்னீர் தெளிக்காமல் அனுப்புவது எங்கள் வீட்டில் கிடையாது. செம்பு கண்ணுக்கு எதிரேதான் நின்றது, வெள்ளி விளக்குக்குப் பக்கத்தில். பன்னீரும் ஊற்றித்தான் வைத்திருந்தேன், வெறும் செம்பாக வைப்பது அழகில்லை என்று. போய் எடுத்தேன்.

"இந்தா! ராணி! அது ராணி!" என்று எங்கள் வீட்டுக்காரர் கத்தினார். "ஆட்டம் இன்னும் முடியல. ராணியக் கீழ வையி!"

"தொட்டாச்சு" என்றேன். "தொட்டா நகர்த்தணும்." வாத்தியாரின் வழுக்கைத் தலையில் நன்றாக மூன்று தரம் தெளித்தேன்.

ஆட்டம் என்ன ஆயிற்று என்று அன்றைக்கு யாருக்கும் தெரியவில்லை. கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்ள அங்கே ஆள் இல்லை, லைனும் அறுந்துவிட்டது. மறுநாள் பேப்பரில் டிரா என்று போட்டிருந்தது. அந்த டம்ளருக்கு அப்புறம் இரண்டே நகர்வாம்.

பேப்பர் வருவதற்கு முன்பே எங்கள் வீட்டுக்காரர் தெருப்பக்கத்து ஜன்னலைத் திறந்திருந்தார். காற்று வந்தது. வாளியும் தெரிந்தது. அதைப் பார்த்துக்கொண்டே, "அந்த ஃபில்டர் மட்டும் நெசமா அங்க நின்னுருந்தா நம்மாளுதான் ஜெயிச்சிருப்பான்" என்றார். நான் காப்பியைக் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தேன்.